காரா பானிக்குப் பெயர் மாற்றிய கதை

எங்கள் இணையதளத்துக்கு மறுபடியும் புதுச் சட்டை தைக்கப் போகிறார்களாம். புது நிறம், புது எழுத்து, புது முத்திரை. ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "மேடம், முன்னாடி ஒருவாட்டி பேரையே மாத்தினீங்களாமே, ஜனங்க ஆபீசுக்கே வந்து சண்டை போட்டாங்களாமே, அதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை கொடுக்கிறவர்கள் புண்ணியவான்கள். எழுதுகிறேன். சண்டை போட்டவர்களைப் பற்றிக் கொஞ்சமும், சண்டையே போடாத ஒருத்தியைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுவேன். இஷ்டமிருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.

என் பெயர் பத்மாவதி. அப்பா தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்கு வந்து, போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் டைப் கற்று, ஒரு மரக் கம்பெனியில் கடிதம் அடித்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்று, கல்யாணம் முடித்து, வீட்டுக்காரர் போன பிறகு மறுபடி வேலை தேடி, ஜங்லிகாட்டில் பிஸ்வாஸ் சாரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மற்றவர்களை டீ வாங்க அனுப்பினேன்.

சுனாமி வந்து போன பிறகு கடையில் நிற்க இடமில்லை. கடல்தண்ணீர் குடித்த டிவி, ரேடியோ, இன்வர்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி சாருக்குத் தொண்டை கட்டிப் போனது. அந்தப் பதிலை இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். உப்புத் தண்ணீர் புகுந்த சாமானை என்ன செய்வது என்பதுதான் அந்தப் பக்கம். தலைப்பு 'காரா பானி'. தீவு இந்தியில் உப்புத் தண்ணீருக்கு அதுதான் பெயர். ஒரு பக்கம் நூறு பக்கமாகி, டிவியிலிருந்து செல்போன் வரைக்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் தளமாக வளர்ந்தது. தலைப்பே பெயராக ஒட்டிக்கொண்டது. கேள்வி பதில் முழுவதும் என் பொறுப்பு.

பிஸ்வாஸ் சார் டிக்லிபூரில் குடியேறிய வங்காளிக் குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் அவர் எதிரில் ஒரு பதிலைக் கொண்டுபோய் வைப்பது பரீட்சை எழுதுவதை விட மோசம். எழுதிய பதிலை நின்றபடி உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் மேசைமேல், இல்லாத செல்போனை இல்லாத ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக்கொண்டே வருவார். நான் 'மூடியைத் திறக்கவும்' என்று படித்தால் அவர் கை காற்றில் மூடியைத் தேடும். எந்தப் பக்கத்து மூடி என்று நான் எழுதியிருக்காவிட்டால் கை அங்கேயே நிற்கும். "பத்மா ஜி, ஹாத் ருக் கயா" என்பார். கை நின்றுவிட்டது என்று அர்த்தம். பதில் திரும்பி என் மேசைக்கு வரும். கடைக்கு எடுத்துப் போங்கள் என்று எந்தப் பதிலிலும் எழுதக் கூடாது என்பது இன்னொரு சட்டம். கேட்கிறவன் இருக்கும் தீவில் கடை இருந்தால் அவன் ஏன் நம்மைக் கேட்கிறான் என்பார்.

எங்கள் தளத்தைப் படித்தவர்களில் பாதிப் பேர் அதை இணையத்தில் பார்த்ததே கிடையாது. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அன்றைக்கு மெயின்லேண்டிலிருந்து கடலடிக் கேபிள் வரவில்லை. எல்லாம் சாட்டிலைட் வழிதான். போர்ட் பிளேரிலேயே ஒரு பக்கம் திறக்கப் பொறுமை வேண்டும் என்றால் வெளித்தீவுகளில் கேட்கவே வேண்டாம். அதனால் கப்பல் கிளம்பும் நாளில் அந்த வாரத்துப் பக்கங்களைப் பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டர் இல்லாத ஊர்களுக்குக் காகிதத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிடுவோம். இதற்கு 'டாக்' என்று பெயர், இந்தியில் தபால். ஊருக்கு ஒரு ரிப்பேர் கடை அதை வாங்கிக்கொள்ளும். கூடவே அவர்கள் கேட்ட பார்ட்ஸும் போகும். திரும்புகிற கப்பலில் புதுக் கேள்விகள் வரும். வெளித்தீவுக் கடைக்காரர்களே பழகிப்போய், மற்ற தீவுக் கேள்விகளுக்குப் பதிலும் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அப்படிப் பதில் எழுதியவர்களில் லாங் ஐலண்ட் புஷ்பத்தின் பதில்கள் சார் முன்னால் ஒரே தடவையில் தேறிவிடும். தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடிவைக்கப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவள். சுனாமிக்குப் பிறகு லாங் ஐலண்டில் தம்பி வீட்டோடு இருந்தாள். முன்னறையில் போன் ரிப்பேர். அவளிடம் எங்களுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான் இருந்தது. டாக் வாங்குகிற கடைகளுக்கெல்லாம் ஒரு தகரப் போர்டு கொடுப்போம். மேலே பெரிதாக 'காரா பானி', கீழே சின்னதாகக் கடைப் பெயர். எல்லோரும் ஆசையாக வாங்கி மாட்டினார்கள். புஷ்பத்துக்கு அனுப்பியது சாக்கு பிரிக்காமல் அடுத்த கப்பலிலேயே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். மறுபடி வந்தது. திமிர் பிடித்தவள் என்று ஆபீசில் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

சுனாமி முடிந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். தளத்தை நடத்துகிற செலவு கைமீறிப் போனது. மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று ஆதரிக்க முன்வந்தது. ஆனால் பெயரையும் தோற்றத்தையும் மாற்ற வேண்டும் என்றது. அதற்காகச் சென்னையிலிருந்து கார்த்திக் என்று ஒரு பையன் வந்தான். கெட்ட பையன் இல்லை. "காரா பானின்னா வெளியூர்க்காரங்க தண்ணி லாரி சர்வீஸ்னு நினைக்கிறாங்க மேடம்" என்றான். புதுப் பெயர் 'டாபூ டெக்'. டாபூ என்றால் தீவு. அவன் வரைந்து வந்த முதல் பக்கத்தின் உச்சியில் கடற்கரைப் படம் ஒன்று, சுவர் அகலத்துக்கு. சார் அதை எங்கள் லைனில் திறக்கச் சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். டீ வந்தது, குடித்தோம், கிளாஸ் திரும்பிப் போனது. தென்னை மரத்தின் தலை மட்டும் வந்திருந்தது. கார்த்திக் அப்போதே படத்தை எடுத்துவிட்டான். அன்றைக்கே அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பெயர் மாறப்போகிறது என்று தளத்தில் அறிவித்து, சம்மதமா இல்லையா என்று வாக்கெடுப்பும் வைத்தோம். அவ்வளவுதான், குளவிக்கூட்டில் கல் விழுந்தது. பக்கம் திறக்க நேரமாகும் என்பதால் ஜங்லிகாட், ஹேடோ ஆட்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள். "கல்யாணம் ஆனாப் பொண்ணுக்கு இனிஷியல் மாறும். சைட்டுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா மேடம்?" என்றார் பக்கத்து மொபைல் கடைக்காரர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பெயரை மாற்ற வேண்டாம், ஓர் எழுத்து கூட்டினால் ராசி நேராகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய பாஸ்வேர்டுக்கும் பெயின்ட் அடிப்பீர்களா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவர் முழுப் பக்கத்துக்குக் கண்டனம் எழுதி, 'துரோகம்' என்று முடித்து, அதற்குக் கீழே தன் பிரின்டர் காகிதத்தை மென்று துப்புகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நான் பிரின்டருக்குப் பதில் எழுதினேன்.

எதிர்ப்புக்குத் தலைவர் அப்பாராவ். இன்வர்ட்டர் மெக்கானிக், தெலுங்கர், தமிழும் இந்தியும் கலந்து எல்லோரோடும் பேசுவார். முதல் நாளிலிருந்து தளத்தில் இருப்பவர். தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் போட்டார். பார்த்துவிட்டு ஊரே கறுப்புக் கட்டம் போட்டது.

"மேடம், பேர் போச்சுன்னா இஜ்ஜத் போச்சு, மானம் போச்சு. அந்தத் தண்ணியில எல்லாம் இழந்த ஜனம் வெளித்தீவுல இருக்கு. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பீங்க? பேர் மாறினா நாங்க எல்லாம் சைட்டை விட்டுப் போயிடுவோம்" என்றார்.

எனக்கும் பழைய பெயர்தான் பிடிக்கும். அதற்கே வாக்களித்தேன், மறைக்கவில்லை. ஒரு வாரத்தில் பழைய பெயர் மலையளவு முன்னால் நின்றது. ஜெயித்தாகிவிட்டது, வாக்கெடுப்பை முடித்துவிடுங்கள் என்று அப்பாராவ் கூட்டம் என் மேசையைச் சுற்றி நின்றது. நான் மாட்டேன் என்றேன். கப்பலில் படிக்கிறவர்களுக்கு இன்னும் அறிவிப்பே போய்ச் சேரவில்லை. "அவங்களும் நம்ம பக்கம்தான் மேடம், இதுல என்ன சந்தேகம்?" என்றார்கள். சந்தேகம் எனக்கும் இல்லை. இருந்தாலும் கேட்காமல் எண்ணுவது வேலைக்கு அழகில்லை. என் நண்பர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் வாக்குச்சீட்டை அச்சடித்து எல்லா ஊர் டாக்கிலும் வைத்தேன். சார் கம்பெனிக்குப் போன் செய்து, "கப்பல் வந்த பிறகுதான்" என்று மூன்றே சொல்லில் முடித்தார்.

இந்த நேரத்தில் கம்பெனி இன்னொரு நிபந்தனை போட்டது. எந்தப் பெயர் நிலைத்தாலும் சரி, டாக் வாங்குகிற கடைகள் எல்லாம் போர்டு மாட்டியே ஆக வேண்டும். மாட்டாத கடைக்கு டாக்கும் கிடையாது, பார்ட்ஸும் கிடையாது. மாட்டாதது ஒரே கடைதான். பார்ட்ஸ் நின்றால் புஷ்பத்துக்குப் பிழைப்பு நின்றது. நல்ல வார்த்தை சொல்லித் திருத்திவிடலாம் என்று லாங் ஐலண்ட் டாக்கை நானே கையில் எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். யாரையும் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று எனக்கு என்மேல் நல்ல நம்பிக்கை உண்டு.

லாங் ஐலண்டில் வண்டி கிடையாது. ஜெட்டியிலிருந்து சிமெண்டுப் பாதையில், மூடிக்கிடந்த மர ஆலையைத் தாண்டி நடந்தேன். புஷ்பம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். போனில் கேட்ட குரல்தான் எனக்குப் பழக்கம். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அட, மேடமா! டாக்கை நீங்களேவா தூக்கிக்கிட்டு வந்தீங்க? இருங்க, சாயத்தண்ணி போடுறேன்."

பால் இல்லாத டீயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். "புஷ்பம், போர்டு மாட்டலேன்னா உங்களை டாக்லேருந்து எடுத்துடுவாங்க. பார்ட்ஸும் வராது."

"தெரியுங்க மேடம். கப்பல்ல வந்தவங்க சொன்னாங்க."

"தெரிஞ்சுமா? ஒரு தகரம்தானே. ஒரு மூலையில மாட்டிட்டுப் போங்களேன்."

அவள் கையிலிருந்த சாமானை மேசைமேல் வைத்தாள். "நாங்க கச்சால்ல இருந்தப்ப எங்க லயத்து வீடுங்கல்லாம் கரையோரமா இருந்திச்சு. நான் விறகுக்கு மேட்டுக்குப் போயிட்டேன். சத்தம் கேட்டு எறங்கி வந்து பாத்தா லயமே இல்ல. மூத்தவன் எட்டாவது படிச்சான். சின்னவ அஞ்சாவது. ரெண்டும் அந்தத் தண்ணியிலதாங்க போச்சு. அந்தத் தண்ணி பேரை எழுதி என் வாசல்ல மாட்டச் சொல்லுறீங்களே மேடம், நான் எப்படி மாட்டுவேன்?"

அந்தப் பெயரை எத்தனை ஆயிரம் தடவை நான் டைப் அடித்திருப்பேன்! உப்புப் பிடித்த டிவி மட்டும்தான் அதில் எனக்குத் தெரிந்தது.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலியே. டாக்ல வாறதெல்லாம் டிஸ்ப்ளே போச்சு, சார்ஜ் ஏறலன்னுதான். அதுக்குப் பதில் எழுதினேன். இப்பதான் பேரப் பத்திக் கேட்டு ஒரு சீட்டு வந்திருக்கு. கேட்டீங்க, சொல்லுறேன். மாத்திருங்க மேடம். என்னா பேரு வேணும்னாலும் வச்சுக்குங்க."

"நாங்க பேரை மாத்தலேன்னா?"

"டாக்கு வேணாம். தோட்ட வேலை செஞ்ச கைதானே, ஏதாச்சும் பண்ணிக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை மேலும் அறுத்தது. திரும்பி வரும் கப்பல் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று புரியும்.

மற்ற ஊர்ச் சீட்டுகளும் ஒவ்வொரு கப்பலாக வந்து சேர்ந்தன. எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. மாயாபந்தரில் பழைய பெயர்தான் வேண்டும் என்றார்கள். ஒருவர் சம்மதம் என்ற கட்டத்தையும் அடித்து, சம்மதமில்லை என்ற கட்டத்தையும் அடித்து, எனக்குச் சார்ஜிங் பின் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். ஆனால் கடல் உள்ளே வந்த ஊர்கள், அங்கிருந்து பெயர்ந்து போனவர்கள் இருந்த ஊர்கள், கிட்டத்தட்ட எல்லாமே மாற்றச் சொல்லியிருந்தன. பெயரை மாற்றுங்கள், பக்கத்தைக் கனமாக்காதீர்கள், பழைய பதில்களை அழிக்காதீர்கள், டாக்கை நிறுத்தாதீர்கள் என்று இரண்டு மூன்று பேர் விவரமாகவும் எழுதியிருந்தார்கள். மொத்தமாக எண்ணியபோது புதுப் பெயர் தாண்டிவிட்டது.

அப்பாராவ் புயல்போல வந்தார். "மேடம், நீங்க நம்ம பார்ட்டிதானே? அங்க போய் என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"என் ஓட்டு இன்னும் பழைய பேருக்குத்தான் இருக்கு, பாத்துக்குங்க. நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. கேட்டுட்டு வந்தேன்" என்று புஷ்பம் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பாராவ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அவங்களுக்காகத்தானே மேடம் நான் அவ்வளவு கத்தினேன்" என்றார்.

"தெரியும் அண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த மனுஷன் மனதில் கபடமே கிடையாது. மறுநாள் அறிவிப்புக்குக் கீழே 'டீக் ஹை' என்று எழுதியிருந்தார். சரி என்று அர்த்தம். கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தையும் திரும்பப் போட்டார். தளத்தை விட்டுப் போவதாகச் சொன்னவர்களில் யாரும் போகவில்லை. போனவன் எங்கே போய் இன்வர்ட்டர் கேள்வி கேட்பான்?

இப்போது முத்திரை வரைகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயரை ரசிக்கிறவன் வேறு, அதை வாசலில் மாட்டிக்கொண்டு அதன் கீழே குனிந்து போய்வருகிறவன் வேறு. முதலில் இரண்டாமவனைக் கேளுங்கள். 'டாபூ டெக்' என்ற பெயர் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அதனால் என்ன, எனக்குப் பிடிக்கவா வைத்தோம்?

பெயர் மாறியதும் புதுப் போர்டு எழுத ஆரம்பித்தார்கள். லாங் ஐலண்டுக்கு நானே போன் போட்டேன்.

"இந்தப் போர்டையாவது மாட்டுவீங்களா புஷ்பம்?"

"மாட்டுறேங்க மேடம்."

"கடைக்குப் பேர் என்ன போடட்டும்? இத்தனை நாளா பேரே வைக்கலியே."

நம் ஆட்கள் கடைக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் பெயரைத்தான் வைப்பார்கள். ஜங்லிகாட் கடைத்தெருவில் நடந்தால் யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று போர்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

"பாலு சுதா மொபைல்ஸ்னு போடுங்க மேடம்" என்றாள். அப்புறம், "எழுத்து பெரிசா இருக்கணும். மேல உங்க பேரு இருக்கில்ல, அதைவிடப் பெரிசா. படகுல வாறவங்க தூரத்திலேருந்தே படிக்கணும்."

கார்த்திக் பக்கத்தில்தான் இருந்தான். "மேடம், அது மட்டும் முடியாது. நம்ம பேர் மேலே, பெரிசா இருக்கணும். எல்லா ஊருக்கும் ஒரே அளவு, கம்பெனி ரூல்" என்றான். தன் சட்டத்தை ஒரு நாளும் வளைக்காத பிஸ்வாஸ் சார், யார் அது, என்ன கேட்கிறாள் என்றார். சொன்னேன். அவர் ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்து, பெயின்டருக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்தில் மேல்பாதி முழுவதையும் அந்த இரண்டு பெயர்களுக்கு ஒதுக்கினார். அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு, 'டாபூ டெக்' என்று எழுதினார். "ஹமாரா நாம் சோட்டா சலேகா" என்றார். நம் பெயர் சின்னதாக இருந்தால் போதும். கார்த்திக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவனே கொண்டுபோய்ப் பெயின்டரிடம் கொடுத்தான்.

எழுதி முடித்த அன்று வாங்கிவரப் போனேன். பெயின்டர் தகரத்தை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். வாசலிலிருந்தே படிக்க முடிந்தது.

"பசங்க பேரா மேடம்? என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எட்டாவதும் அஞ்சாவதும்" என்றேன்.